முப்பத்தொன்றும் இருபத்தெட்டும்

அந்தம்மா என்னிடம் பேசிய முதல் வாக்கியமே ஒரு கேள்வி. “உங்க எடைக்கல்லக் கடைசியா எப்ப சார் சரி பாத்தாங்க?”

நான் அப்போது முத்திரை ஆய்வாளர். கடைத் தராசு, படிக்கல், பெட்ரோல் பம்பு, ஜவுளிக்கடை மீட்டர் கோல் எல்லாவற்றையும் வருடந்தோறும் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க ஆள். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், மின்கம்பங்களில் மாட்டுகிற பீங்கான் செய்யும் ஒரு கம்பெனியின் எடைமேடைக்கு முத்திரை வைக்கப் போயிருந்தேன். அந்தம்மா அங்கே சோதனை அறையில் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மயிரிழைத் தடிமனையும் கவ்வி அளக்கும் வெர்னியர். வியாபாரிகள் எனக்குக் காப்பி நீட்டியிருக்கிறார்கள், முன்னால் நின்று கண்ணீர் விட்டிருக்கிறார்கள், கட்சிக்காரர்களை விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் கல்லைச் சந்தேகப்பட்டவர் ஒருவருமில்லை. சந்தேகம் நியாயமானது என்பதுதான் சங்கடம். இலாகாவின் ஆய்வகத்தில் அந்தக் கற்களைச் சரிபார்க்கவேண்டிய தேதி தாண்டி நான்கு மாதமாகியிருந்தது.

“அதெல்லாம் இலாகா விஷயம்மா” என்றேன். விதி நமக்குச் சாதகமாக இல்லாதபோது சொல்வதற்கென்றே இருக்கும் பதில் அது. அந்தம்மா தலையாட்டிவிட்டு, என் ஒரு கிலோ கல்லைத் துணியால் பிடித்துத் தூக்கிப்போய்த் தன் தராசில் வைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தார். “இன்னும் கெட்டுப்போவல சார்” என்றார், நேற்றைய மாவைப் பற்றிச் சொல்வதுபோல.

ஓய்வுபெற்று ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் வீடு கட்டிக் குடிபோனேன். பால் காய்ச்சிய அன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து நின்றது அதே சட்டை, அதே வெர்னியர். விதி என்று சொல்ல எனக்குப் பிடிக்காது; மனைப்பிரிவு அனுமதி அந்தத் தெருவுக்குத்தான் கிடைத்தது.

அந்தம்மாவைப் புரிந்துகொள்ளப் பீங்கானைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். பச்சை மண்ணில் அடித்த பொருள் சூளையில் வெந்து வரும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதைச் சூளைதான் தீர்மானிக்கும். அந்தக் கம்பெனியில் இரண்டு சூளைகள். ஒரே மண், ஒரே அச்சு, ஒரே நாள். ஆனால் முதல் சூளையில் வெந்தது இரண்டாம் சூளையில் வெந்ததைவிட ஒரு மயிரிழை சிறியதாக வரும். அதனால் ஒவ்வொரு தடவையும் சரக்கோடு ஒரே அச்சில் அடித்த சின்னப் பட்டைகளையும் மேலே, நடுவே, கீழே வைத்துச் சுடுவார்கள். சூளை ஆறியதும் அந்தம்மா முதலில் பட்டைகளைத்தான் அளப்பார். சரக்கு சிறுத்திருந்தால் அது சரக்கின் குணமா, சூளையின் குணமா என்பதைப் பட்டை சொல்லிவிடும். பட்டை வைக்காத சூளையிலிருந்து வந்த சரக்கை அளக்கவே மாட்டார். “அளந்து என்னா பண்றது? அது என்னா சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதே” என்பார். முதலாளி கத்துவார். அந்தம்மா உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பழக்கம் சோதனை அறையோடு நின்றிருந்தால் தெருவுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. என் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று ஒரு டாக்டர் மாத்திரையைக் கூட்டியபோது, அந்தம்மா வந்து கேட்டது, போன மாதம் பார்த்ததும் அதே கருவியா என்றுதான். இல்லை, போன மாதம் வேறு டாக்டர். “அப்போ ஏறிடுச்சுன்னு எப்படிம்மா சொல்றாங்க?” என் மனைவிக்கு அந்தக் கேள்வியிலேயே அழுத்தம் ஏறியது. எதிர்வீட்டு வாத்தியார் தன் பெண் புதுப் பள்ளிக்கூடத்தில் அதிக மதிப்பெண் வாங்கியதாக இனிப்புக் கொடுக்க வந்தார். அந்தம்மா இனிப்பை எடுத்துக்கொண்டு, கேள்வித்தாள் எந்த ஸ்கூலுடையது என்று விசாரித்தார். வாத்தியார் பிறகு அந்த வாசலுக்கு இனிப்பு கொண்டுபோகவில்லை. ரயில் நிலையத்தில் காசு போட்டு எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டு இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை தன்னையும் கணவரையும் அந்தம்மா எடை பார்ப்பார், எப்போதும் முதல் பிளாட்பாரத்து இயந்திரத்தில் மட்டும். ஒரு வருடம் அது பழுதாகிக் கிடந்தது. அந்த வருடம் இருவருக்கும் எடையில்லை.

“எதுல அளந்தது?” இது தெருவில் ஒரு கேலிப்பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது வெயில் அதிகம் என்றால் இன்னொருவர் இதைக் கேட்பார். அந்தம்மா காதில் விழுந்தால் சிரிப்பதில்லை, கோபப்படுவதுமில்லை. நல்ல கேள்வியை யாரோ கேட்டதாக எண்ணிப் பதிலுக்குக் காத்திருப்பார்.

கணவர் இதற்கு நேர்மாறு. விருத்தாசலம் ஸ்ரீமுஷ்ணம் தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர். அவருடைய தொழிற்கருவி வாய். பஸ் நிலையத்தில் அவர் கூவ ஆரம்பித்தால் திட்டக்குடிக்குப் போக நிற்பவர்களுக்கே ஸ்ரீமுஷ்ணம் போகலாமா என்று தோன்றும். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பார். கூடைக்காரிக்கு ஒன்று, காலேஜ் பையனுக்கு ஒன்று, மொட்டையடித்துத் திரும்புகிற குடும்பத்துக்கு ஒன்று. வீட்டுக்கு வந்தும் அது ஓயாது. சாயங்காலங்களில் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டேயிருக்கும். அந்தம்மா இடையே ஏதாவது சொன்னதாக நினைவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த ஒரு குரலே நாலு பேருக்குச் சமமாக இருந்தது.

அவர் ஒருநாள் பஸ்ஸிலேயே வலிப்பு வந்து விழுந்தார். பெயர் சொல்லும்படியான வியாதி எதுவும் அதுவரை இல்லாதவர். இங்கே பார்த்த டாக்டர் புதுச்சேரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு தனியார் மையத்தில் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கம், மூளையின் உறையிலிருந்து முளைத்த ஒரு கட்டி. முப்பத்தொன்று மில்லிமீட்டர்.

அறுவை டாக்டர் நிதானமானவர், நல்லவர். அந்தம்மா திரும்பி வந்து அவர் சொன்னதை என்னிடம் வரி பிசகாமல் சொன்னார். கட்டி கெட்ட சாதியில்லை. பலருக்கு அது வளராமல் அப்படியே கிடக்கும், கிடந்தால் தொடவேண்டாம். வளர்ந்தால் எடுத்தே ஆகவேண்டும். ஆனால் அது உட்கார்ந்திருப்பது பேச்சுக்கான இடத்தை ஒட்டி. எடுக்கும்போது பேச்சு போகலாம். அதனால் அவசரப்படக் கூடாது. வளர்ந்து பெரிதாகிவிட்டால் ஆபத்தும் பெரிது என்பதால் காலம் கடத்தவும் கூடாது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து வரவேண்டும்.

ஆக ஒரு மனிதரின் பேச்சு முழுவதும் முப்பத்தொன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்போகும் அடுத்த எண்ணை நம்பி இருந்தது. அந்த எண்ணுக்காகக் காத்திருக்க யாருக்காவது தெரியும் என்றால் அது அந்தம்மாவுக்குத்தான் என்று நினைத்தேன்.

ஆடி மாதம் போனார்கள். அதே மையம், அதே அறை, அதே வாசல்காரர். அறிக்கையில் இருபத்தெட்டு என்று வந்தது.

கண்டக்டர் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். “மூணு மில்லி கொறஞ்சிருக்குது சார். ஆறு மாசத்துக்கு மூணுன்னா இன்னும் அஞ்சு வருசத்துல மண்டை காலி” என்றார். மண்டை காலியானால் கவுன்சிலருக்கு நிற்கலாம் என்று நான் சொன்னேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தம்மா ஸ்கேன் படங்களின் பெரிய உறையோடு வந்து, என்னைத் தனியாக அழைத்து, என் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு படங்களையும் வைத்தார்.

“மிஷினு வேற சார்.”

பார்த்தால் தெரியவில்லை. படத்தின் மூலையில் பொடி எழுத்தில் இயந்திரத்தின் பெயர் இருந்தது. இரண்டு படத்திலும் வேறு வேறு. மையத்தில் பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டு, அதைவிடச் சக்தி வாய்ந்த புதியதொன்றை மாட்டியிருக்கிறார்கள். முன்னேற்றம்தான். யாருக்கும் அறிவித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்தம்மா டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்திருந்தார். டாக்டர் ஒளிக்கவில்லை. இயந்திரத்துக்கு இயந்திரம் இரண்டு மூன்று மில்லி முன்னே பின்னே இருக்கலாம் என்றாராம். மூளையைத் துண்டு துண்டாக வெட்டினாற்போலப் படமெடுக்கிறார்கள். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சில மில்லிமீட்டர். தலை கொஞ்சம் சாய்ந்து படுத்திருந்தாலும் வெட்டு வேறு இடத்தில் விழும். சரி, இந்த இரண்டு இயந்திரத்துக்கும் இடையே சரியாக எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டதற்கு, தெரியாது என்றிருக்கிறார். ஒரே தலையை இரண்டிலும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

“இது மூணு கொறச்சுக் காட்டுற மிஷினா இருந்தா, கட்டி அப்படியேதான் இருக்குது. ஆறு கொறச்சுக் காட்டுற மிஷினா இருந்தா, மூணு வளந்திருக்குது. எது சார்?”

அந்தம்மா வெர்னியரை எடுத்துப் பழைய படத்தின்மேல் வைத்தார். படத்தின் ஓரத்தில் அச்சிட்டிருந்த அளவுக் கோட்டோடு ஒப்பிட்டுக் கட்டியின் அகலத்தைத் தானே எடுக்கப் பார்த்தார். மூன்று தடவை வைத்தார், மூன்று தடவையும் வேறு எண் வந்தது. வெண்மை எங்கே முடிந்து சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று வெர்னியரின் தாடைக்குத் தெரியவில்லை. அந்தம்மா வெர்னியரைப் பார்த்துக் குழம்பி நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். சந்தேகம் தீரவில்லை என்றால், மூன்று மாதம் கழித்து இதே புது இயந்திரத்தில் திரும்ப எடுங்கள், அதையும் இருபத்தெட்டையும் வைத்துப் பார்ப்போம் என்றிருந்தார். எளிய, சரியான யோசனை. இப்போது எழுதும்போது அப்படித் தெரிகிறது. அன்று எங்கள் இருவருக்குமே அது தோற்றுப்போனவர்களுக்கான யோசனையாகப் பட்டது. “புதுசா ஆரம்பிச்சா போன ஆறு மாசம் வீணாப் போயிடும் சார்” என்றார் அந்தம்மா. கையில் இருக்கும் முப்பத்தொன்றைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. பழைய இயந்திரத்தைக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை எடுத்துவிட்டால் முப்பத்தொன்று பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. நானும் அதை ஆமோதித்தேன். ஓய்வுபெற்று மூன்று வருடமாகியிருந்தது. மனு எழுதக் கை பரபரத்துக்கொண்டிருந்தது.

எழுதினேன். மையத்துக்கு எழுதினேன்; பதில் இல்லை. சுகாதார இயக்குநரகத்துக்கு எழுதினேன். என் மனு கனிவுடன் பெறப்பட்டு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டதாகக் கடிதம் வந்தது. உரிய அலுவலரிடமிருந்து, இது தமது அலுவலக வரம்பில் வராது என்று பதில். தகவல் உரிமைச் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. புதுப்பேனா வாங்கியவனைப்போல அதையும் எழுதிப் பார்த்தேன். மையம் தனியாருடையது, சட்டம் அங்கே செல்லாது. கடைசியில் என் சொந்த இலாகாவுக்கே எழுதினேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவர்தான் கையெழுத்திட்டிருந்தார். ‘மேற்படி கருவி எடை அளவைச் சட்டத்தின்கீழ் முத்திரையிடப்படவேண்டிய கருவிகளின் பட்டியலில் இல்லை.’ கத்தரிக்காய் நிறுக்கும் தராசு இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்கூட இருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன், இன்னும் ஒரு பத்தி கூட்டி.

இதற்குள் மூன்று மாதம் போய்விட்டது.

பழைய இயந்திரம் எங்கே போனது என்பதைக் கண்டுபிடித்தவர் கண்டக்டர். ஒரு மனுவும் எழுதவில்லை. மாத்திரை வாங்கப் புதுச்சேரி போனவர், மையத்தின் வாசல்காரரோடு ஒரு டீ குடித்திருக்கிறார். இயந்திரம் சேலத்தில் ஒரு மையத்துக்கு விற்கப்பட்டிருந்தது. எந்தத் தெரு, எந்த மாடி, அங்கே ஆபரேட்டராக இருப்பவரின் மாமனார் ஊர் எது என்பது வரை கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்தம்மா ஒரு பந்து செய்தார். கம்பெனி மண்ணில் பிடித்து, மெருகு பூசாமல் சுட்டு, தேய்த்து, முப்பது மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் முப்பது. அதை ஊறுகாய் ஜாடி மாதிரியான பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் நடுவே பிளாஸ்டிக் தாங்கியில் நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடினார். அந்த ஸ்கேனில் தண்ணீர் வெளுப்பாகவும் பீங்கான் கறுப்பாகவும் விழும் என்று விசாரித்து வைத்திருந்தார். “மொதல்ல இத எடுக்கட்டும். இது முப்பதுன்னு எனக்குத் தெரியும். மிஷினு என்னா சொல்லுதுன்னு பாப்போம்” என்றார். சூளைக்குள் வைக்கும் பட்டைதான், வேறு உருவத்தில். நான் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முத்திரை ஆய்வாளன். அந்த டப்பாவைப் பார்த்து எழுந்து நிற்கவேண்டும் போலிருந்தது. புதுச்சேரி மையத்தில் அதை எடுக்க மறுத்துவிட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் முடியாது. ஜாடிக்குச் சீட்டு எழுதுகிற டாக்டர் இல்லை. முதலில் சேலம் போவோம், எண்ணோடு வந்தால் இவர்கள் மறுக்க முடியாது என்றேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் பஸ் நிலையத்தில் கண்டக்டரோடு ஓடும் பஸ்ஸின் டிரைவர் என்னை நிறுத்தினார். அண்ணன் ரெண்டு மூணு தடவை தப்பாகக் கூவிவிட்டார் என்றார். ஸ்ரீமுஷ்ணம் நெருங்கும்போது “மங்கலம்பேட்டை எல்லாம் எறங்கு” என்றாராம். மங்கலம்பேட்டை எதிர்த்திசையில் இருக்கும் ஊர். பஸ்ஸே சிரித்திருக்கிறது, அவர் சும்மாவே அப்படி விளையாடுகிற ஆள். “ஆனா அவரு சிரிக்கல சார். நான் கண்ணாடியில பாத்தேன்.”

நான் அந்தம்மாவிடம் சொன்னேன். பஸ் சத்தத்தில் டிரைவர் காதில் விழுந்ததை வைத்து என்ன சொல்வது என்றார். முன்னே எத்தனை தடவை அப்படி விளையாட்டாகக் கூவினார், இப்போது எத்தனை தடவை, யார் எண்ணினார்கள்? நான் மேற்கொண்டு வாதாடவில்லை. கண்ணாடியில் பார்த்த முகம் எந்தச் சட்டத்திலும் சாட்சியமாகாது. எனக்கும் சேலம் போகவேண்டியிருந்தது.

கார்த்திகை மழையில் போனோம். சேலம் ரயில் பாதையை அகலப்படுத்தப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சி வழியாக பஸ். அந்தம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் அந்த பஸ்ஸின் கண்டக்டரோடு சிநேகமாகி, பாதி வழிக்கு அவர் வேலையையும் பார்த்தார்.

சேலம் ஆபரேட்டர் இளைஞர். மாமனார் ஊரைப் பற்றிக் கண்டக்டர் நாலு வார்த்தை சொன்னதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. பெயர், வயது, ஆணா பெண்ணா, எடை நிரப்பாமல் அது நகராது.

“வயசு ஒம்போது நாளுன்னு போடுங்க தம்பி, அன்னைக்குத்தான் சூளையிலேர்ந்து எறங்குச்சு” என்றார் கண்டக்டர். “பொம்பளன்னு போடுங்க. எங்க வூட்டம்மா பெத்தது, அதே மாதிரி பேசாம கெடக்குது.”

அந்தம்மா சிரித்தார். எனக்கு நினைவிருக்கும் ஒரே சிரிப்பு.

பந்து உள்ளே போனது. திரையில் வெள்ளை வட்டத்துக்குள் கரிய வட்டம். ஆபரேட்டர் அளந்து சொன்னார்: ஒரு பக்கம் இருபத்தொன்பதரைக்குச் சற்றுக் குறைவு, குறுக்கே முப்பதரைக்குச் சற்று மேல். அந்தம்மா எழுதிக்கொண்டார். ஆடிக்குப் பிறகு முதல் முறையாக அவர் கையில் உறுதியான ஓர் எண் இருந்தது. இதே பந்தைப் புதுச்சேரியிலும் எடுத்துவிட்டால் முடிந்தது என்று என்னைப் பார்த்தார். எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது.

படத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே ஆபரேட்டர் பெருமையாகச் சொன்னார். “பழைய மிஷின்னு நெனைக்காதீங்க மேடம். புதுச்சேரியில மொத்தமா பிரிச்சு, லாரியில கொண்டாந்து, இங்க மாட்டுனப்ப கம்பெனி ஆளுங்க பத்து நாள் தங்கி எல்லாத்தையும் புதுசா செட் பண்ணாங்க. காந்தம், சாப்ட்வேர் எல்லாம். பழைய செட்டிங் ஒண்ணுகூட இல்ல இதுல.”

அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் டப்பா.

“சூளையப் பிரிச்சுக் கட்டிட்டாங்க சார்.”

பிரித்து வேறு இடத்தில் கட்டிய சூளை வேறு சூளை. செங்கல் அதே செங்கல்தான், ஆனால் அது புதிதாகச் சுருக்கும். அதில் பழைய சரக்கைப் பற்றிக் கேட்க முடியாது. எஸ்டேட்டில் எந்தக் கூலிக்காரியைக் கேட்டாலும் சொல்வாள். எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். எடைமேடையைப் பெயர்த்து இன்னொரு இடத்தில் வைத்தால் பழைய முத்திரை செல்லாது, மறு முத்திரை வேண்டும் என்பது விதி. அந்த விதியைச் சொல்லி எத்தனையோ அரிசி ஆலைக்காரர்களை அலையவிட்டிருக்கிறேன். அளவையே பிழைப்பாகக் கொண்ட இரண்டு பேர், ஒரு பந்தைச் சுமந்துகொண்டு, பிரித்து மாட்டிய ஒரு கருவியிடம் பழைய கதையைக் கேட்கப் போயிருக்கிறோம். முப்பத்தொன்றை எடுத்த இயந்திரம் உலகத்தில் எங்குமே இல்லை. இருபத்தெட்டுக்கு அது உறவா பகையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

திரும்பும்போது கண்டக்டர்தான் எங்களைத் தேற்றினார். “உடுங்க சார். எனக்கு நல்லாத்தான் இருக்குது” என்றார். பிறகு ஜன்னலைக் காட்டி எதையோ சொல்ல வந்து, அந்தச் சொல்லைத் தேடி, கிடைக்காமல், “அதான்… அது” என்று முடித்துக்கொண்டார். வெளியே மழையில் ஒரு குளம் நிரம்பிக்கொண்டிருந்தது. அந்தம்மா அந்தப் பக்கம் பார்த்தார், அவரைப் பார்த்தார். நானும்தான்.

தை மாதம் மூன்றாவது ஸ்கேன். இரண்டாவதை எடுத்த அதே இயந்திரம், அதே ஆபரேட்டர். தலையை எப்படிப் படுக்கவைக்க வேண்டும் என்று அந்தம்மா பக்கத்தில் நின்று சொல்லி அனுப்பினார். முப்பத்து நான்கு. இப்போது ஒப்பிடலாம். ஒப்பிட்டால் ஆறு மாதத்தில் ஆறு மில்லி.

டாக்டர் உடனே எடுக்கவேண்டும் என்றார். அந்தம்மா கேட்டார்: மூன்று மாதத்திலேயே வந்திருந்தால்? முதல் ஆறு மாதத்தில் வளர்ந்ததா இல்லையா? ஆடியிலேயே எடுத்திருந்தால் சின்னதாக இருந்திருக்குமா? டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரியாதும்மா, யாருக்கும் தெரியாது என்றார். அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாது. எங்கள் இருவரில் யாரையாவது அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறுவை நடந்தது. கட்டி முழுவதும் வந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை. நான்காம் நாள் நான் புதுச்சேரி போயிருந்தேன். தலையில் கட்டோடு கண்டக்டர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பயிற்சி டாக்டரான ஒரு பெண், அவருடைய கோப்போடு வந்தார். பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். கண்டக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். “டிக்கெட்டு” என்றார். கைக்கடிகாரத்தைக் காட்டினார். “டிக்கெட்டு.” தவறு என்று அவருக்கே தெரிந்து, தலையை ஆட்டி மறுத்து, உதட்டைக் கூட்டி, மறுபடி முயன்றார். மறுபடியும் அதே சொல். அந்தப் பெண் பொறுமையாக எழுதிக்கொண்டு அந்தம்மாவிடம் திரும்பினார்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி எந்த அளவுக்குப் பேசுவாரும்மா? போன வருசம், வலிப்பு வர்றதுக்கு முன்னாடி? கடைசி ஒரு மாசத்துல ஏதாவது கொறஞ்சுதா? இப்ப எவ்ளோ போயிருக்குது, எவ்ளோ திரும்ப வருதுன்னு பாக்க, அதத்தான் வெச்சு நாங்க ஒப்பிடணும்.”

அந்தம்மா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் சொல்ல ஆரம்பித்தார், நிறுத்தினார். பஸ்ஸில் என்றார், சாயங்காலத்தில் என்றார். இரண்டு கைகளையும் எடுத்து, காற்றில் ஏதோ ஒன்றின் அகலத்தைக் காட்டுவதுபோலக் கொஞ்சம் விரித்தார். இன்னும் கொஞ்சம் விரித்தார். அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தார். கண்டக்டர் தலையணையிலிருந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கைகளை இறக்கிக்கொண்டார்.

“நெறைய பேசுவாரும்மா” என்றார்.

பயிற்சி டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.